செலவு கணக்கிடாத கோபுரம்



இங்கிலாந்துக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோர் நம் பங்குகளில் பலர் உண்டு. மருத்துவமனைத் தாதியராகவும், முதியோர் இல்லப் பணியாளராகவும், மாணவராகவும் சென்றிருக்கும் அப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது 'பிரெக்ஸிட்' என்றொரு சொல்லை அடிக்கடி வழங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு விதி, அதற்குப் பின் ஒரு விதி என்கிறார்கள். அஃதென்ன என்று பெற்றோர் கேட்கின்றனர். செய்தித்தாள்கள் அன்றன்றைய செய்தியைத் தந்தனவேயன்றி, அடியும் முடியும் சேர்த்து ஒருவரும் கூறியதாகத் தெரியவில்லை. ஆகவே இம்மாதம் அதனையே எடுத்துக்கொண்டேன்.

2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், வியாழக்கிழமையன்று, பிரிட்டன் தன் மக்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாக நீடிப்பதா, வெளியேறுவதா என்பதே அக்கேள்வி. வாக்குரிமை உள்ளவர்களுள் நூற்றுக்கு 72 பேர் வாக்களித்தனர். வெளியேற வேண்டும் என்றோர் 1 கோடியே 74 இலட்சம். நீடிக்க வேண்டும் என்றோர் 1 கோடியே 61 இலட்சம். நூற்றுக் கணக்கில் கூறின் 51.9-க்கு 48.1. இங்கிலாந்தும் வேல்சும் வெளியேறுவோம் என்றன. ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு 62 பேரும், வட அயர்லாந்தில் 55.8 பேரும் நீடிப்போம் என்றனர். இலண்டன் மாநகரும் நீடிப்பதையே விரும்பியது. ஒரு குடும்பத்தில் நால்வர் இருக்க, இருவர் வீட்டை விற்கலாம் என்றும் இருவர் வேண்டாம் என்றும் கூறி, முடிவில் திருவுளச்சீட்டுப் போட்டு விற்றதைப் போன்ற நிலை அது.

இதனை விளங்கிக்கொள்ள, அந்த ஒன்றியம் பிறந்த கதையைச் சிறிது அறிய வேண்டும். அது நமக்கு அந்நியமான கதையன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகளான 1950-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர் ராபர்ட் ஷூமான் ஓர் அறிக்கை வெளியிட்டார். பிரான்சின் நிலக்கரியையும் எஃகையும், ஜெர்மனியின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின்கீழ் வைப்போம் என்பது அதன் சாரம். பீரங்கி வார்க்க எஃகு வேண்டும். எஃகு உருக்க நிலக்கரி வேண்டும். அவ்விரண்டும் பொதுவாகிவிட்டால் ஒருவருக்கெதிராக ஒருவர் இரகசியமாகப் படை திரட்ட இயலாது அல்லவா? மிக எளிய சிந்தனை. ஆயினும் அதனைச் சிந்திக்க ஆறு கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள் மடிய வேண்டியிருந்தது.

ஷூமானுக்குத் துணை நின்ற இருவர், ஜெர்மனியின் அடெனாவரும் இத்தாலியின் தெ காஸ்பெரியும். மூவரும் கத்தோலிக்கர். மூவரும் எல்லைப் புறத்து மனிதர். ஷூமான், பிரான்சும் ஜெர்மனியும் மாறி மாறிப் பறித்துக்கொண்ட லொரேன் பகுதியைச் சேர்ந்தவர். தெ காஸ்பெரி பிறந்த ட்ரென்டினோ அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அடெனாவர் ரைன் நதிக்கரையினர். மூவரும் ஜெர்மன் மொழியில் தங்களுக்குள் உரையாட முடிந்தது. கொடுங்கோலர் காலத்தில் மூவருக்கும் புகலிடம் தந்தது திருச்சபையே. முசோலினியின் சிறையிலிருந்து வெளிவந்த தெ காஸ்பெரி வத்திக்கான் நூலகத்தில் சிறு ஊழியராக ஆண்டுகள் பலவற்றைக் கழித்தார். இட்லரால் பதவி பறிக்கப்பட்ட அடெனாவர் மரிய லாக் என்னும் ஆசீர்வாதப்பர் மடத்தில் தங்கினார். ஷூமான் ஜெர்மானியக் காவலிலிருந்து தப்பி மடங்களில் மறைந்து வாழ்ந்தார். நாள்தோறும் பூசை காணும் வழக்கமுடைய ஷூமானை 2021-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தார். தெ காஸ்பெரிக்கும் புனிதர் பட்ட முயற்சிகள் நடைபெறுகின்றன. அரசியல்வாதிகளைப் பீடத்தில் காண்பது அரிதாகிவிட்ட இந்நாளில் இது குறிப்பிடத்தக்கது.

பிரிட்டன் தொடக்கத்தில் இதில் சேரவில்லை. 1957-ஆம் ஆண்டு உரோமை நகரில் ஆறு நாடுகள் ஒப்பந்தம் செய்தபோது ஒதுங்கி நின்றது. பின்னர்ச் சேர விரும்பிக் கதவைத் தட்டியபோது, பிரெஞ்சு அதிபர் தெ கோல் 1963-லும் 1967-லும் இருமுறை கதவடைத்தார். 1973 ஜனவரி முதல் நாள்தான் உள்ளே புக முடிந்தது. இரண்டே ஆண்டில், 1975-ல், நீடிப்போமா என்று மக்களைக் கேட்டார்கள்; நூற்றுக்கு 67 பேர் ஆம் என்றனர். ஆயினும் அந்தத் திருமணம் மனமொத்த திருமணமாக என்றும் இருந்ததில்லை. கணக்குப் பார்த்துச் செய்துகொண்ட சம்பந்தம் அது. கணக்குப் பார்த்தே நடந்துவந்தது.

நிற்க. வெளியேற வாக்களித்த மக்களை மூடர் என்றோ வெறியர் என்றோ பேசுவது அக்காலத்தில் படித்தவர்களிடையே வழக்கமாயிருந்தது. அது நேர்மையன்று. வடகிழக்கே சண்டர்லாந்து என்னும் ஊரைப் பாருங்கள். கப்பல் கட்டும் தொழிலும் நிலக்கரிச் சுரங்கமும் அழிந்துபோன ஊர். அங்கே நூற்றுக்கு 61 பேர் வெளியேறுவோம் என்றனர். அவ்வூரில் 1986 முதல் நிசான் மோட்டார் தொழிற்சாலை நடைபெறுகிறது; அது செய்யும் வண்டிகளுள் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் செல்லுகிறது. தம் பிழைப்புக்கே இடையூறு வரக்கூடும் என அறிந்தும் அவ்வாறு வாக்களித்தார்கள் என்றால், தங்களை ஒருவரும் கேட்பதில்லை என்ற ஆற்றாமை அவர்களிடம் எவ்வளவு முதிர்ந்திருக்க வேண்டும்! கிரிம்ஸ்பி என்னும் மீன்பிடித் துறைமுகப் பகுதியில் நூற்றுக்கு 70 பேர் அவ்வாறே செய்தனர். தம் கடலில் பிற நாட்டு விசைப்படகுகள் வந்து வலை வீசுவதைக் கண்டு மனம் புழுங்கியவர்கள் அவர்கள். நம் கடற்கரைப் பங்கு மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

அவர்களுடைய மனக்குறை உண்மையானது. அந்த மனக்குறையைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள்தாம் உண்மை பேசவில்லை. வாரந்தோறும் 35 கோடி பவுன் ஐரோப்பாவுக்குச் செல்லுகிறது, அதனை நம் மருத்துவமனைகளுக்குத் தருவோம் என்னும் பொருள்பட ஒரு சிவப்புப் பேருந்தின் பக்கத்தில் எழுதி ஊரூராக ஓட்டினார்கள். பிரிட்டனுக்குத் திரும்பிவரும் தொகையைக் கழிக்காமல் கூறும் கணக்கு அது. மக்களைத் தவறான எண்ணம் கொள்ளச் செய்வது என்று அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. பேருந்து நிற்கவில்லை. மறுபக்கத்தாரும் சளைத்தவரல்லர். வெளியேற வாக்களித்தால் உடனே பொருளாதாரம் சரிந்து ஓராண்டு மந்தம் நிலவும் என நிதித்துறை அச்சுறுத்தியது. அந்த உடனடிச் சரிவு நிகழவில்லை. இவ்விரு கூச்சல்களுக்கிடையே, வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16-ஆம் நாள், ஜோ காக்ஸ் என்னும் இளம் நாடாளுமன்ற உறுப்பினர், இரு சிறு குழந்தைகளின் தாய், தம் தொகுதி மக்களைச் சந்திக்கச் சென்ற இடத்தில் இனவெறியன் ஒருவனால் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். பிரசாரம் சில நாள் நின்றது, பிறகு தொடர்ந்தது.

முடிவு வெளியான இரவிலேயே பவுன் நாணயம் வீழ்ந்தது. ஒரு பவுனுக்கு ஒன்றரை டாலர் என்றிருந்தது, விடிவதற்குள் 1.33 அளவுக்கு இறங்கிற்று. 1985-க்குப் பின் அதுவரை பவுன் அவ்வளவு தாழ்ந்ததில்லை. வாக்கெடுப்பைத் தம் கட்சியின் உட்பூசலைத் தீர்க்கும் மருந்தாக எண்ணி வாக்களித்திருந்த பிரதமர் டேவிட் கேமரன், காலையில் வீட்டு வாயிலில் நின்று பதவி விலகுவதாக அறிவித்தார். அவரை அடுத்து வந்த தெரேசா மே அம்மையார், வெளியேற்றம் என்றால் வெளியேற்றந்தான் என்றார். அவ்வாக்கியத்திற்கு மேல் அந்நாட்டில் எவருக்கும் அப்போது தெளிவு இல்லை என்பதே உண்மை.

ஏனெனில் மக்களிடம் கேட்கப்பட்டது வெளியேறுவதா என்பது மட்டுமே. எங்ஙனம் வெளியேறுவது என்பது கேட்கப்படவில்லை. வழிகளோ பல. நார்வே நாட்டைப்போல் ஒன்றியத்தில் சேராமலே அதன் சந்தையில் மட்டும் இருக்கலாம். அப்படியானால் ஒன்றியத்தாரின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும், அவர்கள் நாட்டினர் வந்து பணிபுரிவதையும் ஏற்க வேண்டும். துருக்கியைப்போல் சுங்கத் தீர்வையில் மட்டும் ஒன்றுபடலாம்; அப்படியானால் பிற நாடுகளுடன் தன் விருப்பப்படி வணிக ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. கனடாவைப்போல் வெறும் வணிக உடன்படிக்கையோடு நிற்கலாம். ஒன்றும் இல்லாமலே கதவைச் சாத்திக்கொண்டு போகலாம். 'வெளியேறுவோம்' என்ற 1 கோடியே 74 இலட்சம் பேரும் இவற்றுள் எதனை விரும்பினர்? யார் அறிவார்? ஒவ்வொருவரும் தாம் விரும்பியதையே மக்கள் விரும்பினர் என்று சாதித்தனர்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா எனக் கணக்கிடுவதைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நீங்கள் அறிவீர்கள். லூக்காஸ் நற்செய்தியில் அது உள்ளது. அந்த உவமையில் மற்றவர்கள் நகைப்பது அடித்தளம் போட்டதற்காக அல்ல, முடிக்க இயலாமற்போனதற்காக.

இதற்கு முன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய நிலப்பகுதியொன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்து 1982-ல் வாக்கெடுப்பு நடத்தி 1985-ல் வெளியேறியது. 50,000 பேர் வாழும் பனித்தீவு. பேச வேண்டிய பொருள் பெரும்பாலும் மீன் ஒன்றே. அதற்கே மூன்றாண்டு பிடித்தது. ஆறரைக் கோடி மக்கள், கார் முதல் காப்பீடு வரை ஆயிரம் தொழில்கள், நாற்பத்து மூன்றாண்டு காலச் சட்டப் பின்னல் — இதனை அவிழ்க்க விதிப்படி தரப்பட்ட காலம் இரண்டே ஆண்டு. 2017 மார்ச் 29-ஆம் நாள் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, தானே தனக்குக் கெடு வைத்துக்கொண்டது பிரிட்டன். கொடுத்த பின்னரே அமைச்சர்கள் தமக்குள் எந்த வழி என்று வாதாடத் தொடங்கினார்கள்.

அந்த வாதத்தின் விவரம் நீளமானது, சுருக்கிவிடுகிறேன். அம்மையார் கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரி 15-ல் 432-க்கு 202 என்ற கணக்கில் தோற்றது. அந்நாட்டு அரசுக்கு நாடாளுமன்றத்தில் அத்தகைய தோல்வி அதற்குமுன் நேர்ந்ததில்லை. மார்ச்சில் மீண்டும் இருமுறை தோற்றது. அப்படியானால் வேறெது வேண்டும் என்று எட்டு வழிகளை அவையினர் முன் வைத்தார்கள், எட்டும் தோற்றன. வெளியேறும் நாள் மார்ச் 29 என்றிருந்தது ஏப்ரல் 12 ஆயிற்று. பின்னர் அக்டோபர் 31 ஆயிற்று. பின்னர் 2020 ஜனவரி 31 ஆயிற்று. வெளியேறப் போகும் நாடு 2019 மே மாதத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத்திற்குத் தேர்தலும் நடத்தியது! அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைத்தார். அது சட்டத்திற்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலில் மக்கள் அவருக்கே பெரும்பான்மை தந்தனர். களைத்துப்போனவர்கள் எப்படியாவது முடிந்தால் போதும் என்று எண்ணினார்கள் போலும்.

இந்த மூன்றரை ஆண்டுகளில் சாதாரணக் குடும்பங்கள் பட்டது என்ன என்பதே நாம் கவனிக்க வேண்டியது. நிலையாமை என்பது பட்டினியைப் போல் கண்ணுக்குத் தெரிவதன்று. வீடு வாங்க நினைத்தவர் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்கிறார். இயந்திரம் வாங்க இருந்த முதலாளி பணத்தை வங்கியில் போட்டுவைக்கிறார். வாக்கெடுப்புக்குப் பின் பிரிட்டனில் தொழில் முதலீடு வளராமல் தேங்கி நின்றது. சண்டர்லாந்தில் செய்வதாயிருந்த ஒரு புதிய வகை வண்டியை 2019 பிப்ரவரியில் நிசான் ஜப்பானிலேயே செய்ய முடிவுசெய்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆயினும் இந்தத் தெளிவின்மையும் திட்டமிட உதவவில்லை என்று அது கூறிற்று. இலண்டனில் இருந்த ஐரோப்பிய மருந்து முகமை ஆம்ஸ்டர்டாமுக்குப் பெயர்ந்தது. அதனுடன் ஏறத்தாழ 900 பேர் பணிபுரிந்த இடமும் போயிற்று.

உடன்பாடின்றி வெளியேற நேர்ந்தால் துறைமுகத்தில் லாரிகள் தேங்குமே என்று, பழைய விமான நிலையமொன்றில் லாரிகளை நிறுத்தி ஒத்திகை பார்த்தார்கள். அழைக்கப்பட்டவை 150, வந்தவை 89. மருந்துக் கம்பெனிகள் வழக்கத்திற்கு மேல் ஆறு வாரத்திற்குரிய சரக்கைக் கையிருப்பில் வைக்கும்படி அரசு கேட்டுக்கொண்டது. இன்சுலின் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருவதால் நீரிழிவு நோயாளர் வீடுகளில் அச்சம் மிகுந்தது. பிரதமர் அம்மையாரே நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் என்பதை நினைக்கையில், அந்த அச்சம் எவ்வளவு நெருங்கியது என்பது புலனாகும்.

ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுள் பெருந்தொகையினர் போலந்து நாட்டுக் கத்தோலிக்கர். 2004-க்குப் பின் அவர்கள் வந்ததால் வெறிச்சோடியிருந்த எத்தனையோ ஆங்கிலப் பங்குக் கோவில்கள் மீண்டும் நிரம்பின. போலிஷ் மொழியில் பூசைகள் நடந்தன. வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களில் ஒரு சிற்றூரில் அவர்கள் வீட்டு வாயில்களில் இழிசொல் எழுதிய அட்டைகள் கிடந்தன. வெறுப்புக் குற்றங்கள் பெருகியதைக் காவல்துறைப் பதிவுகள் காட்டின. பதினைந்து ஆண்டு வரி கட்டி, பிள்ளை பெற்று, வீடு வாங்கியவர்கள், தாங்கள் இருக்கலாமா கூடாதா என்பதை அறிய ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார்கள். அவர்கள் உரிமை பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பகடைக்காயாக இருந்தது. பின்னர் அரசிடம் விண்ணப்பித்து உரிமையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற திட்டம் வந்தது. முதலில் தலைக்கு 65 பவுன் கட்டணம் விதித்து, கண்டனம் எழுந்ததும் நீக்கினார்கள். இருக்கும் வீட்டிலேயே இருக்க அனுமதி கேட்டு விண்ணப்பிப்பது எத்தகைய மனவேதனை!

இனி அயர்லாந்துக்கு வருவோம். இக்கட்டுரையில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. நம் மறைமாவட்டங்களின் பழைய கான்வென்டுகளையும் பள்ளிகளையும் அறிந்தவர்களுக்கு ஐரிஷ் கன்னியரையும் குருக்களையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தத் தீவு 1921-ல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தெற்கு தனி நாடாயிற்று. வடக்கில் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. எல்லைக்கோடு 500 கிலோமீட்டர் நீளம். மாவட்டங்களின் பழைய வேலியோரமாக, வயலுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் வளைந்து வளைந்து செல்லுகிறது.

ஆனால் திருச்சபைக்கு அந்தக் கோடு தெரியாது. ஐரிஷ் மறைமாவட்ட எல்லைகள் 1111-ஆம் ஆண்டு ராத் பிரெசய்ல் சங்கத்தில் வகுக்கப்பட்டவற்றை ஒட்டியவை. அரசியல் எல்லையினும் 800 ஆண்டு மூத்தவை. புனித பத்திரிசியாரின் இருக்கையாகிய அர்மா உயர் மறைமாவட்டத்தின் பேராலயம் பிரிட்டனின் ஆட்சியில் உள்ளது. அதன் பங்குகளுள் ஒரு பகுதி ஐரிஷ் குடியரசில் உள்ளது. கிளோகர் மறைமாவட்டத்தின் பேராலயம் மோனஹன் நகரில், குடியரசில். அதன் ஃபெர்மானாப் பங்குகள் பிரிட்டனில். டெர்ரி, கில்மோர் மறைமாவட்டங்களும் அப்படியே. ஓர் ஆயர் உறுதிபூசுதல் வழங்கப் புறப்பட்டால் நாடு கடந்து செல்ல வேண்டும். பிணக்குகள் மூண்ட முப்பது ஆண்டுகளில், அத்தகைய சாலைகளில் பலவற்றை இராணுவம் குண்டு வைத்துப் பெயர்த்தும் கான்கிரீட் பாளங்களால் அடைத்தும் வைத்தது. கூப்பிடு தொலைவிலிருந்த உறவினர் வீட்டுக்கு இருபது மைல் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. அந்த முப்பது ஆண்டுகளில் இறந்தோர் 3,500 பேர். கத்தோலிக்கரும் கொன்றனர், பிராட்டஸ்டண்டாரும் கொன்றனர், அரசுப் படையும் கொன்றது; இதில் நம்மவர் என்று எவரையும் நான் விலக்கிப் பேச முடியாது.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று பெல்ஃபாஸ்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்கு முன்பே, 1993-ல் ஒற்றைச் சந்தை வந்தபோது சுங்கச் சாவடிகள் மறைந்திருந்தன. உடன்படிக்கைக்குப் பின் காவற்கோபுரங்களும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. எல்லை எங்கே என்பதைச் சாலையோரப் பலகையில் மைல் கிலோமீட்டராக மாறுவதைக் கொண்டே அறிய முடிந்தது. இரண்டு நாடுகளும் ஒரே ஒன்றியத்தில் இருந்ததால்தான் அது அத்துணை எளிதாயிற்று. வடக்கில் கறக்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தெற்கே சென்று பதப்படுகிறது என்றால், அந்த வாழ்க்கை எவ்வளவு பின்னிக்கொண்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இப்போது பிரிட்டன் வெளியேறினால் அந்த வயலோரக் கோடு, ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லையாகிவிடும். எங்கேனும் சரக்கைச் சோதிக்க வேண்டும். வயலோரத்தில் சோதித்தால் சாவடி வரும்; சாவடி வந்தால் அதனைக் காக்கப் போலீசார் வருவர்; போலீசார்மேல் குண்டு வீச ஆள் வரும். கடலில் சோதித்தால், பிரிட்டனோடு இணைந்திருப்பதையே தம் உயிராகக் கருதும் வடக்குப் பிராட்டஸ்டண்டார், எங்களைத் தாய்நாட்டிலிருந்து அறுத்துவிட்டீர்கள் என்பர். மூன்றாவது வழி இல்லை. இங்கிலாந்தில் வாக்கெடுப்புப் பிரசாரம் நடந்தபோது இதனை எண்ணியவர் மிகச் சிலரே. பேருந்தில் அதற்கு இடமில்லை.

இங்கு ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். 1998 மே மாதத்தில் அயர்லாந்திலும் வாக்கெடுப்பு நடந்தது. பெரிய வெள்ளி உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் அச்சிட்டு வட அயர்லாந்தின் வீடுதோறும் அனுப்பினார்கள். கொலைகாரரும் சிறையிலிருந்து வெளியே வருவர் என்ற கசப்பான விதியும் மறைக்கப்படாமல் அதில் இருந்தது. மக்கள் படித்தனர், அழுதனர், பிறகு நூற்றுக்கு 71 பேர் ஏற்றனர். தெற்கே 94 பேர். மூன்றே மாதத்தில், ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று ஓமா நகரில் குண்டு வெடித்து 29 பேர் மாண்டபோதும் அந்த முடிவு அசையவில்லை. 2016 வாக்கெடுப்போ எந்த வாசகத்தையும் முன்வைக்கவில்லை. மக்களைக் கேட்பது நல்லதா தீயதா என்று சிலர் விவாதிக்கின்றனர். கேட்டது குற்றமன்று என்பதே என் எண்ணம். எதனை ஏற்கிறீர்கள், அதற்குரிய விலை என்ன என்று காட்டாமல் கேட்டதே குற்றம்.

திருத்தந்தை பிரான்சிஸ், முடிவு வெளியான ஜூன் 24-ஆம் நாளன்றே அர்மீனியாவுக்குச் செல்லும் விமானத்தில் இதுபற்றிப் பேசினார். மக்கள் தம் விருப்பத்தைத் தெரிவித்திருக்கின்றனர் என்பதை மதித்து, இனி அம்மக்களின் நலனையும் ஐரோப்பா முழுவதன் ஒத்துவாழ்வையும் காக்கும் பெரும் பொறுப்பு எல்லாருக்கும் உண்டு என்னும் கருத்தைக் கூறினார். வென்றவரையும் பழிக்கவில்லை, தோற்றவரையும் தூண்டவில்லை.

முடிவில் பிரிட்டன் 2020 ஜனவரி 31-ல் வெளியேறியது. வணிக உடன்படிக்கை அவ்வாண்டு டிசம்பர் 24-ல், கிறிஸ்து பிறப்பு விழிப்பு நாளில் முடிவாயிற்று. அயர்லாந்துக்குக் கடற்சோதனை வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. எதிர்பார்த்தபடியே வடக்குப் பிராட்டஸ்டண்டார் கொதித்தனர். 2021 ஏப்ரலில் தெருக்களில் தீ எரிந்தது. 2022 பிப்ரவரியில் அவர்கள் கட்சி கூட்டாட்சியிலிருந்து விலகியது. 2023-ல் வின்ட்சர் ஏற்பாடு என்னும் திருத்தம் சோதனைகளைக் குறைத்தது. 2024 பிப்ரவரி 3-ல் ஆட்சி மீண்டும் கூடியபோது, வட அயர்லாந்து வரலாற்றில் முதன்முறையாக, ஐரிஷ் தேசியப் பக்கத்தைச் சேர்ந்த மிஷேல் ஓ'நீல் என்னும் பெண்மணி முதலமைச்சரானார். வயலோரக் கோட்டில் சாவடி எழவில்லை. அது பெரிய காரியம்.

மீனவர்களோ ஏமாந்தனர். 2021 ஜனவரியிலேயே, புதிய சான்றிதழ்கள் எழுதி முடிப்பதற்குள் நண்டும் இறாலும் கெட்டுப்போவதாகக் கூறி, ஸ்காட்லாந்து மீன் வண்டிக்காரர்கள் இலண்டன் நாடாளுமன்றத்தின்முன் லாரிகளைக் கொணர்ந்து நிறுத்தினர். தம் கடலில் அயலார் படகு வரக்கூடாது என்று வாக்களித்தவர்களுக்கு, 2025 மே மாதத்தில் செய்துகொண்ட புதிய உடன்பாடு, 2038 வரை அயலார் படகுகளுக்கு அனுமதி என்றது. பொருளாதாரத்தைப் பொறுத்தவரை, வெளியேறாமல் இருந்திருந்தால் அடையக்கூடிய அளவைவிட நாட்டின் உற்பத்தித் திறன் நீண்டகாலத்தில் நூற்றுக்கு 4 பங்கு குறைவாக இருக்கும் என்பது அந்நாட்டு வரவு செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. ஓரிரவில் இடிந்து விழவில்லை, மெல்லக் கசிந்துகொண்டிருக்கிறது.

நம் பிள்ளைகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது. வாக்கெடுப்புக்குப் பின் ஐரோப்பியத் தாதியர் புதிதாக வருவது மிகவும் குறைந்துபோயிற்று. இருந்தவர் சிலரும் ஊர் திரும்பினர். அவ்விடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் தாதியரை அழைத்தார்கள். 2022 பிப்ரவரி முதல் முதியோர் பராமரிப்புப் பணியாளரையும் அழைத்தார்கள். வந்தேறுவோர் தொகையைக் குறைப்போம் என்று வாக்களித்த நாட்டில், அத்தொகை 2023 நடுவில் முடிந்த ஓராண்டில், போனவரைக் கழித்தும் 9 இலட்சத்தைத் தாண்டிற்று. உடனே கதவு மீண்டும் சாத்தப்பட்டது. 2024 மார்ச் முதல் பராமரிப்புப் பணியாளர் தம் கணவன் மனைவி பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாது. 2025 ஜூலை 22 முதல் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. பதிவுபெற்ற தாதியருக்கு இன்னும் வழி உண்டு. அங்கே இருந்துகொண்டே, வேலை தருவதாகக் கூறிய நிறுவனம் உரிமம் இழந்ததால் தாமும் நிலையிழந்து நிற்பவர்கள் பலர்.

இந்தத் தேதிகளைப் பெற்றோர் குறித்துவைத்துக் கொள்ளுங்கள். 'முதியோர் இல்லத்தில் வேலை, பதினைந்து இலட்சம் கட்டினால் விசா' என்று இன்றும் கூறுகிற தரகர் எவராயினும், 2025 ஜூலைக்குப் பின் அது எவ்விதி என்று கேளுங்கள். வேலைக்கு அழைக்கும் சான்றிதழுக்குரிய கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பே; பிள்ளையிடம் வாங்குவதற்கில்லை. ஆள் எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பெயர்ப்பட்டியலை பிரிட்டிஷ் அரசே வெளியிடுகிறது. அதைக் காணக் கட்டணம் இல்லை. நகை அடகுவைக்கும் முன், வீட்டில் கணினி அறிந்த பிள்ளை ஒன்றை உட்கார வைத்து, அந்த நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.